பூ உதிர்ந்தால் உரம்தான் காரணமா? வானம் புரட்டிப் போட்ட தோட்டங்கள்

நான்கு ஊர்த் தோட்டக்காரர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்கிறார்கள்.

திருச்சி, மாடித்தோட்டம்

2024 ஏப்ரல் கடைசியில் எங்கள் மாடித் தக்காளி கொத்துக் கொத்தாகப் பூத்தது. ஒன்றுகூடப் பிஞ்சாகவில்லை. காம்பு மஞ்சளாகிக் கணுவோடு கழன்று விழுந்தது. பக்கத்து வீட்டு அக்கா மீன் அமில உரம் தெளிக்கச் சொன்னார். மாமியார், யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றார். இலையில் பூச்சி இல்லை, சுருட்டல் இல்லை, செடி நன்றாகத்தான் இருந்தது.

காரணம் இரவு. பகல் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் 24, 25க்குக் கீழே இறங்காவிட்டால் தக்காளியின் மகரந்தம் செத்துப்போகும். அந்த நாட்களில் இங்கே இரவு 26, 27க்குக் கீழே இறங்குவதே அரிதாக இருந்தது. மாடி என்றால் இன்னும் மோசம், பகலெல்லாம் வெயில் குடித்த தளம் நள்ளிரவு வரை அனலைக் கக்கும். நிழல்வலை கட்டியதும் இலை வாடுவது நின்றது. காய் மட்டும் பிடிக்கவில்லை, வலை ராத்திரிச் சூட்டை என்ன செய்யும்? அதே வெயிலில் வெண்டையும் கொத்தவரையும் சளைக்காமல் காய்த்தன. இப்போதெல்லாம் கோடையில் தக்காளியைக் கடையில்தான் வாங்குகிறோம், கிலோ என்ன விலை விற்றாலும்.

சென்னை, வேளச்சேரிப் பக்கம்

எங்களுக்கு நேரெதிர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது தோட்டத்தில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. வடிந்த அன்று எல்லாம் பச்சையாகத்தான் இருந்தன. நல்ல வெயில் அடித்த பிறகுதான் பப்பாளி தலையைத் தொங்கப் போட்டது, அப்புறம் முருங்கை. செடி வாடுகிறதே என்று வீட்டுக்காரர் ஹோஸைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்! பிடித்து நிறுத்தினேன்.

மண்ணின் இடுக்குகளில் காற்று இருந்தால்தான் வேர் மூச்சு விடும். அங்கெல்லாம் தண்ணீர் புகுந்து நின்றால் வேர் அழுகும், அழுகிய வேரால் பக்கத்தில் இருக்கும் ஈரத்தைக்கூட உறிஞ்ச முடியாது. தாகத்தில் வாடுவது போலவே தெரியும். பப்பாளிக்கு இரண்டு நாள் தேங்கினாலே ஆபத்து. முருங்கையும் தாங்காது. தென்னை அசையவில்லை. செத்துக்கொண்டிருந்த முருங்கையில் நல்ல கிளையாகப் பார்த்துப் போத்து வெட்டி, மண்ணை மேடாக்கி நட்டோம். அது துளிர்த்துவிட்டது.

சேலம்

மாமரத்துக்கும் இதே மழைக் கதைதான். மார்கழிக் குளிரும் காய்ந்த மண்ணும் இருந்தால் மா பூக்கும். 2021 ஜனவரியில் பொங்கல் வரை மழை விடாமல் பெய்ததே, அந்த வருஷம் எங்கள் கொல்லை மரம் பூவுக்குப் பதில் கொழுந்து விட்டது. ஒரு பக்கம் மட்டும் பூத்தது, அதையும் சாம்பல் நோய் தின்றது. மரத்துக்கு வயசாகிவிட்டது, வெட்டிவிடலாம் என்று ஒருவர் விலைகூடப் பேச வந்தார்.

பட்டுக்கோட்டை அருகே

சென்னைத் தோழி தென்னை அசையவில்லை என்கிறார். தண்ணீருக்கு அசையாது, சரி. காற்றுக்கு? 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் எங்கள் பக்கத்துத் தென்னைகளை என்ன செய்தது என்று ஊருக்கே தெரியும்.

விழுந்ததை விடுங்கள், நின்றதைப் பற்றித்தான் பேச வந்தேன். தென்னைக்கு உச்சியில் ஒரே ஒரு குருத்து. அது ஒடிந்தால் மரம் முடிந்தது, பக்கக்கிளை வெடிக்காது. ஆனால் மட்டைகள் முறுக்கிக் கிழிந்திருந்தாலும் குருத்து உயிரோடு இருந்தால் மரம் பிழைக்கும். வெட்டுகிறவர்கள் வந்தபோது அப்பா ஏணி வைத்து ஒவ்வொன்றாகக் குருத்தைப் பார்க்கச் சொன்னார். பச்சையாக இருந்ததை விட்டுவைத்தோம். அடுத்த ஆண்டும் காய் இல்லை, அதற்கடுத்த ஆண்டும் பெயருக்குத்தான். உறவுக்காரர்கள் உப்பு வை, பொட்டாஷ் வை என்றார்கள். தென்னையில் பாளை வெளியே வருவதற்கு இரண்டு வருஷத்துக்கும் மேலாகவே உள்ளே அதன் கரு உருவாகிவிடும். இன்றைக்கு அடிபட்டால் கணக்கு பின்னால்தான் தெரியும். வறட்சிக்கும் அதே கணக்குதான்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். விழுந்த மரங்களைக் கொல்லையிலேயே மக்க விடாதீர்கள். காண்டாமிருக வண்டு அதில்தான் முட்டையிடும், பிழைத்த மரத்தின் குருத்தை அப்புறம் அதுவே குடையும்.

மறுபடியும் சேலம்

அந்த மாமரத்தை வெட்டவில்லை என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். மறு வருஷம் தை மாதமே பூத்துக் குலுங்கியது. விலை பேச வந்தவருக்கு ஒரு கூடை அனுப்பினோம்.