பிறை எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது?

கரும்பலகை:
நேற்று வேறொரு இழையில் கோணல்மானி எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. நோன்புப் பெருநாள் பற்றிய ஒரு படக்கதையில் பிறை தப்பாகத் திரும்பியிருக்கிறதாம். அதனால் பண்டிகைக் கதைகளையே வகுப்பறைக்குள் விடக்கூடாதாம்! பன்னிரண்டு வருடமாகச் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டுகிறேன். நோன்பு வைக்கிற வீட்டுப் பிள்ளை அந்தப் பக்கம் வந்ததும் முதுகை நிமிர்த்தி உட்காருமே, அதை இவர் பார்த்ததுண்டா? சிறுவர் இலக்கிய ஆய்வாளர் ரூடின் சிம்ஸ் பிஷப் 1990இலேயே எழுதிவிட்டார்: புத்தகம் ஒரு பிள்ளைக்குக் கண்ணாடி, இன்னொரு பிள்ளைக்கு ஜன்னல்.

கோணல்மானி:
கண்ணாடி என்றால் இடவலம் மாறத்தான் செய்யும். பிறையும் அப்படித்தான் மாறிவிட்டது போல.

தலைப்பிறை சூரியன் மறைந்ததும் மேற்கே தாழ்வாகத் தெரியும். ஒளிரும் விளிம்பு வலப்பக்கம் இருக்கும். உங்கள் புத்தகத்தில் இடப்பக்கம். அது தேய்பிறை, விடிவதற்கு முன் கிழக்கே வருவது. மாதம் முடியும் முன்பே பிள்ளைகளுக்குப் பெருநாள் கொண்டாடிவிட்டீர்கள். வாழ்த்துகள்.

நூலகஅணில்:
தென் அரைக்கோளத்தில் வளர்பிறை இடப்பக்கம்தான் ஒளிரும். நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர்களில் படகு மாதிரிக் கிடக்கும். வலப்பக்கம்தான் என்று சட்டம் போட நீங்கள் யார்?

கோணல்மானி:
கதை தெற்கே நடக்கிறது என்று எந்தப் பக்கத்தில் இருக்கிறது? பக்க எண் சொல்லுங்கள்.

நூலகஅணில்:
வடக்கே நடக்கிறது என்று எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

கோணல்மானி:
எட்டாம் பக்கம். பனி பெய்கிறது.

நூலகஅணில்:
பெருநாள் வருடா வருடம் சுமார் 11 நாள் முன்னால் நகரும். ஜூலையிலும் வரும். அப்போது பனி எங்கே பெய்யும் என்று நீங்களே யோசியுங்கள்.

அப்பாவிஅப்பா:
நிலா எப்படி வேண்டுமானாலும் வளையட்டும். கதை என்று ஆரம்பித்துப் பிரார்த்தனையில் போய் முடிந்தால் யார் பொறுப்பு? நாம் ஏன் நோன்பு வைப்பதில்லை என்று என் மகள் கேட்கிறாள்.

கரும்பலகை:
கேட்டால் என்ன? 1963இல் அபிங்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அரசுப் பள்ளியில் பைபிள் வாசிப்பை வழிபாடாக நடத்தக்கூடாது என்றது. மதங்களைப் பற்றிப் பாடமாகப் படிப்பதற்குத் தடையில்லை என்பதும் அதே தீர்ப்பில்தான் இருக்கிறது. நான் யாரையும் ஓதவைக்கவில்லை.

கோணல்மானி:
நீதிபதிகள் பிறையைப் பார்த்தார்களா? பேச்சை மாற்றாதீர்கள். அப்புறம், வளைவுக்கு உள்ளே ஒரு நட்சத்திரம் வேறு. அந்த இடத்தில் இருப்பது நிலவின் இருண்ட பகுதி. அங்கே நட்சத்திரம் தெரியவேண்டுமென்றால் நிலவில் ஓட்டை இருக்கவேண்டும்.

மூன்றாம்பெஞ்ச்:
ஐயா, அது சின்னம். ஒட்டோமான் பேரரசின் கொடியிலேயே இருந்தது. இவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: போன வருடம் ஹனுக்கா என்கிற யூதப் பண்டிகைக் கதையில் விளக்குகளை எண்ணி, ஏழுதான் இருக்கவேண்டும் என்று நாலு நாள் சண்டை போட்டவர். ஏழு கிளை பழைய ஆலயத்து விளக்கு. ஹனுக்காவுக்கு எட்டு இரவுக்கு எட்டு, அவற்றை ஏற்றுவதற்கு ஒன்று, மொத்தம் ஒன்பது. கடைசிவரை ஒப்புக்கொள்ளவே இல்லை.

கோணல்மானி:
ஆலயத்து விளக்கு என்றுதான் அன்றைக்கும் எழுதினேன். பழைய இழையைத் தோண்டிப் பாருங்கள்.

மூன்றாம்பெஞ்ச்:
தோண்டினேன். திருத்தி வைத்திருக்கிறீர்கள்.

கோணல்மானி:
எழுத்துப்பிழையைத் திருத்தினேன்.

நூலகஅணில்:
ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் எழுத்துப்பிழையா!

கோணல்மானி:
படகு, பனி என்று உளறியவர் எண்ணிக்கை பற்றிப் பேசவேண்டாம். நான் வானத்தைப் பார்த்து வளர்ந்தவன். நீங்கள் அட்டையைப் பார்த்துப் புத்தகம் அடுக்குகிறவர்.

நூலகஅணில்:
அடுக்குகிறவர்தான். அடுக்கும்போது படித்தும் பார்ப்போம்.

அப்பாவிஅப்பா:
என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

கரும்பலகை:
நாளைக்கு அதே புத்தகத்தைத்தான் படிக்கப்போகிறேன். நட்சத்திரத்தோடு.

கோணல்மானி:
தாராளமாக. ஒரு டார்ச்சும் பந்தும் கொண்டுபோங்கள். ஒளிரும் விளிம்பு வலப்பக்கம்.

நூலகஅணில்:
தெற்கே இடப்பக்கம்.

கோணல்மானி:
பக்க எண்?