குளிர்காலக் குறுந்தவணை: பாடம் கட்டாயமா, எத்தனை மணி நேரம் வேலை பார்க்கலாம்?

ஈசூன் தந்தை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் தேசிய சேவையை முடித்த என் மகன், சென்ற ஆகஸ்டில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலுள்ள ஒரு சிறிய கல்லூரியில் இளங்கலை முதலாண்டில் சேர்ந்தான். அங்கே இரண்டு பருவங்களுக்கு நடுவே, ஜனவரி மாதம் நான்கு வாரங்களுக்கு ஒரு குறுந்தவணை, அதாவது குறுகிய பாடக்காலம், உண்டு. அதில் ஒரே ஒரு பாடம், மதிப்பெண் கிடையாது, தேறினாரா இல்லையா என்பது மட்டும்தான். ஆகவே அது பாதி விடுமுறை மாதிரி என்று மகன் எண்ணுகிறான். பொங்கலுக்குப் பத்து நாள் வீட்டுக்கு வந்துவிட்டு, மீதி நாட்களில் கல்லூரி நூலகத்தில் வாரம் 35 மணி நேரம் வேலை பார்த்து விமானச் செலவை ஈட்டிவிடலாம் என்பது அவன் கணக்கு. என் மனைவியோ இப்போதே அவனையும் சேர்த்துப் பொங்கலுக்கு அரிசி அளக்கிறார். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. இந்தத் தவணையைத் தவிர்க்க முடியுமா? மாணவர் விசாவில் இருப்பவர் அத்தனை மணி நேரம் வேலை பார்க்கலாமா?

பொத்தோங் பாசிர் வாசகி எழுதியது:

ஐயா, முதலில் பட்டத்துக்கான விதியைப் பாருங்கள், ஏனென்றால் இது கல்லூரிக்குக் கல்லூரி மாறுகிறது. எம்ஐடியில் (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) ஜனவரி மாதத்தை மாணவர்கள் தம் விருப்பம்போல் செலவிடலாம். வில்லியம்ஸ் கல்லூரியிலோ ஆண்டுக்கு ஒன்றாக நான்கு குளிர்காலப் படிப்புகளில் தேறியாக வேண்டும். ஓபர்லின் கல்லூரியில் மூன்று வேண்டும். மதிப்பெண் இல்லை என்பதாலேயே அது முக்கியமில்லை என்று ஆகாது. தேறாவிட்டால் மதிப்பெண் சராசரி குறையாமல் இருக்கலாம், ஆனால் பட்டத்துக்குரிய கணக்கில் ஒன்று குறைந்துவிடும், அதைப் பின்னால் ஈடுகட்டியாக வேண்டும். நம் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் மே மாதத்தில் தொடங்கும் சிறப்புத் தவணையைப் பிள்ளைகள் விருப்பப்பட்டால் எடுப்பார்கள். அந்த நினைப்பில் உங்கள் மகன் பேசுகிறார் போலும்.

அடுத்தது வருகைப்பதிவு. பதின்மூன்று பதினான்கு வாரப் பாடத்தை நான்கு வாரத்துக்குள் அடக்கும்போது, ஒரு நாள் வகுப்பு வழக்கமான பருவத்தின் மூன்று நாளுக்கு மேல் எடை பெறும். என் தங்கை மகள் தன் கல்லூரியில் (பெயர் வேண்டாம்) பனிப்புயலால் விமானம் தாமதமாகி முதல் மூன்று நாட்களைத் தவறவிட்டாள். அதற்குள் குழுக்கள் பிரிந்து, பாதிக் களப்பணி முடிந்திருந்தது. பேராசிரியர் கனிவாகப் பேசினாரே தவிர, தேறினாள் என்று எழுதவில்லை. பத்து நாள் என்பதை நினைத்துப் பார்க்கவே வேண்டாம்.

கிளமெண்டி மாணவி (முன்னாள்) எழுதியது:

வேலை பற்றி நான் சொல்கிறேன், ஐயா. நான்கு ஆண்டுகள் எஃப்-1 என்னும் அமெரிக்க மாணவர் விசாவில் படித்து, கல்லூரி உணவுக்கூடத்தில் தட்டு கழுவியவள் நான். கல்லூரி வளாகத்துக்குள் பாடக்காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது என்பது அமெரிக்கக் குடிநுழைவு விதி. கல்லூரி நடக்காத விடுமுறைக் காலத்தில்தான் முழுநேர வேலைக்கு இடமுண்டு. கட்டாயமான ஜனவரித் தவணையைக் கல்லூரி பாடக்காலமாகவே வைத்திருக்கும், ஆகவே 35 மணி நேரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இங்கே சிங்கப்பூரில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கு வாரம் 16 மணி என்று ஒரு வரம்பு இருப்பதைப் போலத்தான் இதுவும்.

இரண்டு இடங்களில் வேலை பார்த்தால் இரண்டையும் கூட்டித்தான் 20. இந்த 20 மணி வரம்பில்தான் நான் மாட்டிக்கொண்டேன். ஒரு ஜனவரியில் காய்ச்சலில் கிடந்த தோழிக்காக ஞாயிறு இரவு அவள் முறையையும் நானே பார்த்தேன். தட்டு கழுவும் இயந்திரத்தின் ஆவியில் நனைந்து, பனியில் நடந்து அறைக்குப் போய், அப்படியே நேரப்பதிவில் எழுதிவிட்டேன். செவ்வாய்க்கிழமை வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. மொத்தம் 21½ மணி. வாரக் கணக்கு எந்தக் கிழமையில் தொடங்குகிறது என்பதைக் காட்டி அலுவலர் பொறுமையாக விளக்கி, இனி எழுத்தில் கேட்ட பிறகே கூடுதல் முறை எடுக்க வேண்டும் என்றார். விசா நிலைக்கே ஆபத்து வரக்கூடிய விஷயம் என்பதால், அந்த அறையில் எனக்குக் கை நடுங்கியது உண்மை.

இன்னொரு வழியும் உண்டு. டிசம்பர்த் தேர்வு முடிந்து ஜனவரித் தவணை தொடங்கும்வரை இருக்கும் இடைவெளியில் கல்லூரி வேலை கொடுத்தால் முழுநேரம் பார்க்கலாம். அல்லது அந்த இடைவெளியில் ஊருக்கு வரலாம். இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

ஈசூன் தந்தை எழுதியது:

இருவருக்கும் நன்றி. இன்னொரு கேள்வி: ஜனவரியில் வகுப்புக்குப் பதிலாக வெளி நிறுவனத்தில் பயிற்சி செய்யலாம் என்று அவனுடைய நண்பன் சொல்கிறானாம். கல்லூரி தானே விதித்திருக்கும் வாரம் பத்து மணி நேர வேலையும் இருக்கிறது. அந்தப் பத்து மணிக்கும் இந்த 20 மணி வரம்புக்கும் தொடர்பு உண்டா?

தெம்பனீஸ் கணக்காளர் எழுதியது:

நண்பர் அமெரிக்கக் குடிமகனாக இருந்தால் அவர் கதை வேறு. எஃப்-1 மாணவர் படிப்போடு தொடர்புள்ள பயிற்சிக்காக வெளியே வேலை பார்க்கக் கல்லூரியின் பொறுப்பு அலுவலர் முன்கூட்டியே அனுமதி வழங்கி, அது ஐ-20 படிவத்தில் (வெளிநாட்டு மாணவருக்குக் கல்லூரி தரும் சான்றுப் படிவம்) ஏற வேண்டும். இளங்கலை மாணவர் ஒரு முழுக் கல்வியாண்டு படித்த பிறகே அதற்குத் தகுதி பெறுவார். முதலாண்டு ஜனவரிக்கு அது பொருந்தாது. சம்பளமில்லாப் பயிற்சி என்றாலும் கேட்காமல் போய்விட வேண்டாம்.

பத்து மணி நேரம் என்பது கல்லூரி விதித்த குறைந்தபட்சம், 20 என்பது குடிநுழைவு விதித்த உச்சவரம்பு. அந்தப் பத்தும் இருபதுக்குள் அடங்கும். கென்டக்கியிலுள்ள பெரியா கல்லூரியில் கல்விக்கட்டணமே வாங்குவதில்லை, ஆனால் எல்லா மாணவரும் வாரம் குறைந்தது பத்து மணி நேரம் உழைக்க வேண்டும். வேலையும் அங்கே கல்வியின் பகுதிதான். உங்கள் மகன் கல்லூரியில் எப்படி என்பதைப் பதிவாளருக்கும் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கும் மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். ஊருக்கு வந்தால் திரும்புவதற்குமுன் ஐ-20இல் கல்லூரி அலுவலரின் பயணக் கையொப்பம் ஓராண்டுக்குள் இடப்பட்டதா என்றும் பார்க்க வேண்டும்.

ஈசூன் தந்தை எழுதியது:

பதில் வந்துவிட்டது. தவணை கட்டாயம், முதல் நாளிலிருந்து வருகை எடுப்பார்கள், வேலை 20 மணிக்குள். டிசம்பரில் இரண்டு வாரம் வந்துவிட்டு, தவணை தொடங்க மூன்று நாள் முன்பே திரும்பும்படி டிக்கெட் எடுத்தாயிற்று. இங்கே காலை ஏழு மணிக்குப் பானை பொங்கும்போது அங்கே முந்தைய நாள் மாலை ஆறு மணி. நூலக வேலை ஐந்துக்கே முடிந்துவிடும், காணொளியில் வருகிறேன் என்று அட்டவணையைப் பார்த்துச் சொன்னான். மனைவி அரிசியின் அளவை மட்டும் குறைக்கவில்லை.