புதுப்பிப்பு: வார்ஹாமர் 40,000 நாவல்களில் எதைப் படிப்பது?

வார்ஹாமர் 40,000 என்ற, தொலை எதிர்காலத்தில் நடக்கும் மேசைப் போர் விளையாட்டை ஆடாதவர்களும் ரசிக்கிற நாவல் அந்த உலகில் உண்டா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பலரும் சொன்னது டான் ஆப்னெட்டின் 'ஐசன்ஹார்ன்' வரிசை. முதல் நூலான 'ஸீனோஸ்' (2001) முடித்துவிட்டேன். சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி!

விசாரணை அதிகாரி ஐசன்ஹார்ன் தன் கதையைத் தானே சொல்கிறார். ஆரம்பமே மிரட்டல்: மாதக்கணக்கில் இருளில் உறையும் கிரகம், அந்தக் காலம் முடியும்வரை உறைதூக்கத்தில் கிடக்கும் ஆயிரக்கணக்கான மனிதர்கள். எதிரியின் சதியால் அவர்கள் அரைகுறையாக விழித்துச் செத்துப்போகிற காட்சியைப் படித்துவிட்டுப் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்தேன். ஓயாமல் தகவல் சேர்த்துக்கொண்டே இருக்கும் முதியவர் ஏமோஸ் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனார். போரை விட இந்த மனிதர்கள்தான் மனதில் நிற்கிறார்கள். விளையாட்டின் விதி ஒன்றுகூடத் தெரிய வேண்டியதில்லை.

சிலர் அதே உலகின் இன்னொரு நாவல் வரிசையான 'ஹோரஸ் ஹெரெஸி'யில் தொடங்கச் சொன்னீர்கள். 2006-இல் தொடங்கிய அந்த வரிசையில் 54 நூல்கள்! புதியவருக்கு அது முதல் படியாக இருக்க முடியாது என்றே நினைக்கிறேன். முதல் மூன்றை மட்டும் பிறகு படிப்பேன். இப்போது கையில் ஐசன்ஹார்ன் வரிசையின் அடுத்த நூல் 'மல்லியஸ்', இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறேன்.