சொல் தேவை: புது லாரியின் பெயிண்டில் தோன்றும் வட்டக் கீறல்

அன்புடையீர், வணக்கம்.

புதிதாக லாரி எடுப்பவர்களுக்கான பராமரிப்புக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். எஞ்சின், கிளட்ச், டயர் எல்லாம் தடையின்றி ஓடிவிட்டன. பெயிண்டின் பளபளப்பைக் காப்பது பற்றிய மூன்று பக்கங்களில் வந்து வண்டி நின்றுவிட்டது. ஆங்கிலத்தில் ‘ஸ்வர்ல் மார்க்’ என்கிறார்கள். வண்டி எடுத்த ஆறாம் மாதம், கேபின் கதவில் வெயில் படும்போது சிலந்தி வலை போல வட்ட வட்டமாகத் தெரியுமே, அந்த நுண்கீறல்கள். இப்போதைக்குச் ‘சுழல்கீறல்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ‘சுழிக்கீறல்’ இன்னும் நன்றாக இருக்குமோ என்றும் தோன்றுகிறது. நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சுக்கும் ஒரு சொல் வேண்டும். ‘தெளிபூச்சு’ போதுமா?

மொழிபெயர்ப்பாளர், சென்னை

*

> ‘சுழல்கீறல்’ என்று எழுதி வைத்திருக்கிறேன்

இரண்டுமே வேண்டாம் அம்மா. அந்தக் கீறல் சுழலவே இல்லை.

இன்று இரவே சோதித்துப் பார்க்கலாம். கைபேசி விளக்கை கேபின் கதவுக்கு நேரே பிடியுங்கள். வெளிச்சத்தைச் சுற்றி வட்டங்கள் தெரியும். விளக்கை ஒரு முழம் நகர்த்துங்கள். வட்டங்களும் கூடவே நகரும். பெயிண்டில் உண்மையிலேயே வட்டமாகக் கீறியிருந்தால் அவை எப்படி இடம் மாறும்? கீறல்கள் எல்லாத் திசைகளிலும் தாறுமாறாகத்தான் கிடக்கின்றன. அவற்றுள் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பிவிடும் வாகில் இருப்பவை மட்டும் மின்னுகின்றன. அப்படி மின்னுபவை விளக்கைச் சுற்றி வட்டமாகத் தோன்றுகின்றன. நாரால் தேய்த்துத் தேய்த்துப் பழகிய எவர்சில்வர் தட்டை டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்தாலும் இதே வேடிக்கைதான். ஆங்கிலக்காரர் கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துப் பெயரிட்டார். அந்தக் கண்மயக்கத்தை நாமும் ஏன் தமிழில் பெயர்த்து வைக்க வேண்டும்?

சொல்லைப் பார்த்துக் குழம்பியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் இரண்டு லாரிகள் ஓடுகின்றன. ‘சுழல்’ என்றதும் எங்கள் ஓட்டுநர், “வட்டமாகத் துடைத்ததால்தானே வந்தது, இனி நேராகத் துடைக்கிறேன்” என்றார். நேராகவே துடைத்தார். கீறலும் நேராகவே விழுந்தது. குற்றம் கை போன திசையில் இல்லை, துணிக்கும் பெயிண்டுக்கும் நடுவில் இருந்த மண்ணில். சாலைப் புழுதியில் இருக்கும் மணல் பெயிண்டைவிடப் பல மடங்கு கடினமானது. காய்ந்த புழுதி மேல் பனியன் வேஸ்டைப் போட்டு அழுத்தித் துடைப்பதும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் ஏறத்தாழ ஒன்றுதான்.

தேய்ந்து போவது எவ்வளவு மெல்லியது என்பதையும் கையேட்டில் எழுதுங்கள். பிளாஸ்டிக் தடை வந்ததிலிருந்து மைக்ரான் நமக்குப் பழகிய சொல். 120 மைக்ரானுக்குக் குறைந்த கைப்பை கூடாது என்கிறார்களே, தொழிற்சாலையில் அடித்த பெயிண்டின் மொத்தத் தடிமனே பெரும்பாலும் அந்த அளவை ஒட்டித்தான் இருக்கும். மேலே உள்ள நிறமற்ற பூச்சு அதில் மூன்றில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடக் குறைய. மெருகேற்றும்போதெல்லாம் அதில்தான் கொஞ்சம் சீவி எடுக்கிறோம்.

ஆகவே என் முன்மொழிவு: துடைகீறல். ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகை. துடைத்த கீறல், துடைக்கின்ற கீறல், துடைக்கும் கீறல் என முக்காலத்துக்கும் பொருந்தும். கிளீனர் கையில் துணி இருக்கும் வரை மூன்று காலமும் உண்டு.

திருச்செங்கோட்டிலிருந்து

*

> என் முன்மொழிவு: துடைகீறல்

காரணப் பெயர் வேண்டும் என்பது சரி. ஆனால் ஐயா, ‘துடை’ என்றால் தொடை என்றும் பொருள் உண்டு. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். ‘கதவில் துடைகீறல்’ என்று படித்ததும், கதவு இடித்து யாருக்கோ தொடையில் காயம் என்றுதான் எனக்கு முதலில் பட்டது.

இலக்கணத்திலும் ஒரு நெருடல். கீறல் துடைப்பதில்லை, துடைக்கப்படுவதும் இல்லை. துடைத்ததன் விளைவு அது. ‘தீயினால் சுட்ட புண்’ என்று வள்ளுவரே விளைவைப் பெயரெச்சத்தோடு முடித்திருப்பதால் பிழை என்று சொல்ல மாட்டேன். என்றாலும் கையேடு படிப்பவர் திருக்குறளை நினைத்துக்கொண்டா படிப்பார்? வெட்டுக்காயம், தீக்காயம் என்று மக்கள் வாயில் ஏற்கெனவே ஒரு வாய்பாடு இருக்கிறது. அதன்படி ‘துடைப்புக்கீறல்’ என்போம். ஒற்று மிகும், மறக்க வேண்டாம்.

‘தெளிபூச்சு’ கூடவே கூடாது. தெளிந்த பூச்சா, தெளித்த பூச்சா? பட்டறையில் அடிக்கும் எல்லாப் பூச்சும் தெளித்து அடிப்பவைதாம்.

கேட்காத இன்னொன்று. நம் ஊரில் பாலிஷ் என்ற ஒரே சொல்லால் இரண்டு வேலைகளைக் குறிக்கிறோம். ஒன்று மேற்பரப்பைச் சீவிச் சமன் செய்வது, மற்றொன்று அதன் மேல் பூசி மூடுவது. இந்தக் குழப்பம் தமிழுக்குத் தேவையே இல்லை. முன்னது மெருகு, பின்னது மெழுகு. சாணத்தால் தரையை மெழுகுகிறோமே, அதே வினைதான். மெருகேற்றினால் பெயிண்ட் குறையும், மெழுகினால் குறையாது. ஓரெழுத்து வேறுபாட்டில் எவ்வளவு செய்தி! அச்சுக்கோப்பவர் மாற்றிப் போடாமல் இருக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை

*

தொடையை நான் நினைக்கவே இல்லை ஐயா. தோற்றேன். துடைப்புக்கீறலே இருக்கட்டும். துடைப்பமும் காதில் விழுகிறது, அதுவும் பொருத்தமே. வாட்டர் சர்வீஸில் நீளக் கம்பு வைத்த பிரஷால் சக்கரச் சேற்றையும் கேபினையும் ஒரே மூச்சில் தேய்க்கிறார்களே, அதைத் துடைப்பம் என்றுதான் சொல்ல வேண்டும்.

கையேட்டுக்கு ஆகும் என்று என் அனுபவத்தில் சில. முதலில் வெறும் தண்ணீரைப் பீய்ச்சிப் புழுதியை இறக்க வேண்டும். அதற்கு முன் கை படக் கூடாது. பிறகு இரண்டு வாளி: ஒன்றில் வாகன ஷாம்பு, மற்றதில் துணியை அலச வெறும் தண்ணீர். துணி துவைக்கும் சோப்புத்தூள் போட்டால் பூசிய மெழுகும் சேர்ந்து போய்விடும். கேபினுக்கு ஒரு துணி, சக்கரத்துக்கு வேறு துணி. எங்கள் போர்வெல் தண்ணீர் கடும் உப்பு. வெயிலில் கழுவித் தானாகக் காய விட்டால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். காலையிலேயே கழுவி, மைக்ரோஃபைபர் துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். சிமெண்ட் ஏற்றும் வண்டி என்றால் அன்றன்றே கழுவுவது நல்லது. இரவுப் பனியில் நனைந்தால் சிமெண்ட் தூசி கேபினிலேயே இறுகிவிடும். டீசலில் நனைத்த துணியால் துடைத்து மினுக்குவதை மட்டும் தடித்த எழுத்தில் தடுத்துவிடுங்கள். அந்த மினுக்கு அடுத்த சுங்கச்சாவடி வரைதான், பிறகு எண்ணெய்ப் பிசுக்கில் புழுதியெல்லாம் வந்து அப்பிக்கொள்ளும்.

ஆயுத பூஜைக்கு வைக்கும் சந்தனம், குங்குமம் பற்றி எந்த ஆங்கிலக் கையேட்டிலும் இருக்காது. எங்கள் முதல் வண்டியில் துடைப்புக்கீறல் அடர்த்தியாக விழுந்த இடம் முன்கண்ணாடிக்குக் கீழே, பொட்டு வைத்த இடம். காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டி, துணியால் அழுத்தித் தேய்த்தோம். ஈரத்துணியைப் பத்து நிமிடம் ஒட்டி வைத்திருந்தால் தானே இளகியிருக்கும். பொட்டை வைப்பவர் வைக்கட்டும், எடுப்பவருக்கு மட்டும் சொல்லிக்கொடுங்கள்.

நிறமற்ற பூச்சுக்கு ‘கண்ணாடிப் பூச்சு’ என்று சொல்ல வந்தேன். ஆனால் செராமிக் கோட்டிங் விற்பவர்கள் அந்தப் பெயரை ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள். மேலும் எல்லா லாரிக்கும் அந்த மேற்பூச்சு இருப்பதில்லை. ஒற்றை நிற வண்டிகள் பலவற்றில் நிறப்பூச்சே கடைசிப் பூச்சு. வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் தொட்டு ஓரமாகத் தேய்த்துப் பாருங்கள், துணியில் வண்டியின் நிறம் ஏறினால் மேலே வேறு பூச்சு இல்லை என்று பொருள். பட்டறையில் பாடி கட்டி அடித்த பெயிண்டுக்குச் சூட்டில் வைத்து இறுக்கும் வசதி பெரும்பாலும் கிடையாது. அதனால் ஒன்றிரண்டு மாதம் ஆற விட்டுத்தான் மெழுக வேண்டும். தொழிற்சாலையிலேயே பெயிண்ட் அடித்து வரும் கேபினுக்கு அந்தக் காத்திருப்பு வேண்டாம். ஒரே வண்டியில் இரண்டு கணக்கு.

திருச்செங்கோட்டிலிருந்து

*

இருவருக்கும் நன்றி. ‘துடைப்புக்கீறல்’, ‘மெருகு’, ‘மெழுகு’ மூன்றையும் எடுத்துக்கொண்டேன். திருத்திய பத்தி இது:

“கதவில் வட்ட வட்டமாகத் தெரிபவை துடைப்புக்கீறல்கள். புழுதியைத் தண்ணீரால் இறக்கும் முன் துணி போட்டால் இவை விழும். மெருகேற்றி நீக்கலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் மேற்பூச்சு தேயும். மெழுகு பூசினால் சில வாரங்களுக்குக் கீறல் மங்கலாகத் தெரியும், நீங்காது.”

இதில் ‘மேற்பூச்சு’ என்று சமாளித்திருக்கிறேன். ஒற்றை நிற வண்டிக்கு நிறப்பூச்சே மேற்பூச்சு என்று ஐயா சொன்ன பிறகு அதுவும் ஆட்டம் காண்கிறது. ‘நிறமிலிப் பூச்சு’ என்று ஒன்று தோன்றியது. வாயில் வைத்தால் கல் கடிக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்குள் யாராவது கைகொடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை