ஆபீஸ்ல மைண்ட்ஃபுல்னஸ் ஆரம்பிக்கச் சொல்றாங்க, எப்படி செய்யறது?

உட்லண்ட்ஸ்வாசி:
வணக்கம். சிங்கப்பூர் சாங்கி பிசினஸ் பார்க்ல ஐடி சப்போர்ட் டீம் லீடா இருக்கேன், 14 பேரு. ரெண்டு பேரு அடுத்தடுத்து வேலையை விட்டுட்டாங்க, படுத்தா கண்ணுக்குள்ள டிக்கெட்தான் (எங்களுக்கு வர்ற புகார்ப் பதிவு) ஓடுது, தூக்கமே இல்லன்னு சொல்லிட்டு. உடனே ஹெச்ஆர், மைண்ட்ஃபுல்னஸ், அதாவது இந்த நிமிஷம் நடக்கறதை மனசு வச்சு கவனிக்கற பயிற்சி, சொல்லிக் குடுக்க லஞ்ச் டைம்ல ஒரு டிரெய்னரை வரவழைச்சாங்க, பாதி பேரு பசியோட உக்காந்திருந்தாங்க, ஒருத்தர் இது என்ன பூஜையான்னு கேட்டுட்டு எழுந்து போயிட்டாரு. இப்ப என்னையே நடத்தச் சொல்றாங்க. எனக்கு இது நிஜமாவே உதவியிருக்கு, அதனால ஒழுங்கா செய்யணும்னு ஆசை. எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

தேக்கா அக்கா:
தம்பி, எழுந்து போனவரை தப்பா நினைக்காதீங்க. சீனர், மலாய்க்காரர், நம்மாளுங்க எல்லாரும் இருக்கற டீம்ல மணி அடிச்சு ஆரம்பிச்சா யாருக்கும் அந்த சந்தேகம் வரத்தான் செய்யும். 1979ல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் யூனிவர்சிட்டி மருத்துவக் கல்லூரியில ஜான் கபட்-ஸின் இதை ஆரம்பிச்சப்ப, பௌத்த தியானத்துலேர்ந்து எடுத்தாலும் மதத்தை வெளியில வச்சுட்டு, தீராத வலியோட வந்த நோயாளிங்களுக்குத்தான் சொல்லிக் குடுத்தாரு. அது 8 வாரம், வாரத்துக்கு ரெண்டரை மணி நேரம் போல, போக தினம் வீட்டுல பயிற்சி, ஒரு லஞ்ச் பிரேக்ல எப்படி வரும்? நான் சேர்ந்தப்ப முதல் நாள் கையில ஒரு கிஸ்மிஸ் பழத்தைக் குடுத்து, பாத்து, மோந்து, மெதுவா மென்னு சாப்பிடச் சொன்னாங்க, அன்னிக்குத்தான் நான் தினம் சாப்பாட்டையே கவனிக்காம முழுங்கறேன்னு புரிஞ்சுது. மனசு அலையத்தான் செய்யும், அலைஞ்சதை கவனிச்சு திரும்பக் கூட்டிட்டு வர்றதுதான் பயிற்சியே, இதை முதல்லயே சொல்லிடுங்க, இல்லன்னா எனக்கு வரலன்னு விட்டுடுவாங்க.

ஷிஃப்ட்காரன்:
எனக்கு இதுல கோவம் உண்டு. ராத்திரி 11 மணிக்கு வாட்ஸாப்ல வேலை அனுப்பிட்டு காலையில மூச்சை கவனின்னு சொன்னா யாரு கேப்பா? 2020ல மனிதவள அமைச்சு, என்டியுசிங்கற தொழிற்சங்க காங்கிரஸ், முதலாளிங்க சம்மேளனம் மூணும் சேர்ந்து வேலையிட மனநலத்துக்கு வெளியிட்ட ஆலோசனைக் குறிப்புலயே, வேலை நேரத்துக்கு அப்புறம் தொடர்பு கொள்றதுக்கு ஒரு தெளிவான கொள்கை வைங்கன்னு இருக்கு. ஆள் குறைஞ்ச டீமுக்கு முதல்ல ஆள் போடணும். அதுக்கப்புறம் தியானம் சொல்லிக் குடுங்க, நானே முதல் ஆளா உக்காருவேன்.

அங்மோகியோ ரவி:
ப்ரோ சொல்றது நியாயம், ஆனா ரெண்டையும் சேர்த்தே செய்யலாம். நம்ம சிங்கப்பூர்ல பிறந்த சேட்-மெங் டான், கூகுள்ல இன்ஜினியரா இருந்துக்கிட்டே 2007ல அங்க இந்த வகுப்பை ஆரம்பிச்சாரு, சாமியார் மாதிரி பேசாம வேலை செய்யறவங்களுக்குப் புரியற மாதிரி. எங்க டீம்ல திங்கக்கிழமை மீட்டிங்குக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம், விருப்பம் இருக்கறவங்க மட்டும், வராதவங்க பேரை யாரும் குறிச்சு வைக்கறதில்ல. ஒண்ணு கவனிங்க, கண்ணை மூடி மூச்சைப் பாத்தா சிலருக்கு பதட்டம் கூடிடும், எங்க டீம்ல ஒரு பொண்ணுக்கு அப்படித்தான் ஆச்சு, அவங்க கண்ணைத் திறந்தே வச்சு பாதம் தரையில படறதை மட்டும் கவனிக்கறாங்க.

உட்லண்ட்ஸ்வாசி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஷிஃப்ட்காரன் ப்ரோ, உங்க பதிலைப் படிச்சுட்டு டீம் குரூப்பைத் திறந்து பாத்தேன், போன வாரம் மட்டும் நாலு நாள் பத்து மணிக்கு மேல நானே மெசேஜ் போட்டிருக்கேன். இனிமே எல்லாத்தையும் காலையில 9 மணிக்குப் போற மாதிரி வைக்கிறேன், ஆள் கேட்டு மேல எழுதவும் போறேன். எழுந்து போனவரை நாளைக்கு கோப்பிக்குக் கூப்பிட்டிருக்கேன், அவர்கிட்ட முதல்ல பேசணும்.