ஆதிரை: தமிழ்ப் பெயரா, ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

கரைமேடு:
பெண் குழந்தைக்கு ‘ஆதிரை’ என்று வைக்கலாம் என்றிருக்கிறோம். இது தமிழ்தானா, வடசொல்லா? ‘ஆதிரா’வும் இதுவும் ஒன்றா? குழந்தை பிறந்தது கார்த்திகை நட்சத்திரம். திருவாதிரையின் பெயரை வைப்பது சரியா?

ஏட்டுச்சுவடி:
வேர் வடசொல். ‘ஆர்த்ரா’ என்றால் ஈரமானது. சூரியன் அந்த நட்சத்திரத்துக்கு வருவது ஜூன் 22 வாக்கில்; வடக்கே மழை பிடிக்கும் காலம். ஆனால் ‘ஆதிரை’ என்ற வடிவம் முழுக்கத் தமிழ். வடவெழுத்தை நீக்கித் தமிழ் ஒலியில் ஆளச் சொன்ன தொல்காப்பிய விதிக்கு நல்ல எடுத்துக்காட்டு. கலித்தொகையிலேயே சிவன் ‘ஆதிரையான்’. மயிலாப்பூர்ப் பதிகத்தில் சம்பந்தர் ‘ஆர்திரைநாள்’ என்கிறார். வடசொல்லுக்கும் நம் சொல்லுக்கும் நடுவே நிற்கும் வடிவம் அது. தனித்தமிழ்ப் பெயர்தான் வேண்டும் என்றால் இது ஆகாது. தமிழில் நெடுங்காலம் புழங்கிய பெயர் போதும் என்றால் தாராளமாக வைக்கலாம்.

27 நட்சத்திரங்களில் ‘திரு’ சேர்வது இரண்டுக்குத்தான்: சிவனுக்குரிய ஆதிரை, திருமாலுக்குரிய ஓணம். வானில் காட்ட வேண்டுமானால் மார்கழியில் பொழுது சாய்ந்த பிறகு கிழக்கே பாருங்கள். செந்நிறமாகத் தெரியும் பெரிய விண்மீன், ஆங்கிலத்தில் பீட்டல்ஜூஸ்.

‘ஆதிர’ மலையாள வடிவம். கேரளத்தில் பெண்களுக்கு மிகப் பரவலான பெயர். அதைத் தமிழில் எழுதும்போது ‘ஆதிரா’ ஆகிறது. வேர் ஒன்றே.

பஞ்சாங்கப்பிரியை:
பெயரெழுத்து பார்ப்பீர்கள் என்றால், உங்கள் குழந்தைக்கு இது பொருந்துகிறது. கார்த்திகைக்கு அ, இ, உ, எ. ‘ஆ’வை அகரத்தோடு சேர்த்தே கொள்வார்கள். திருவாதிரைக்கு கு, க, ங, ச. அதாவது திருவாதிரையில் பிறந்த பிள்ளைக்குத்தான் எழுத்துக் கணக்கில் இந்தப் பெயர் வராது!

கரைமேடு:
நன்றிங்க. இன்னொன்று: மணிமேகலையில் வரும் ஆதிரை கணவனைப் பிரிந்து துன்பப்பட்டவள் என்று வீட்டுப் பெரியவர்கள் தயங்குகிறார்கள்.

ஏட்டுச்சுவடி:
கதையை முழுதாகச் சொல்லிப் பாருங்கள். கணவன் சாதுவன் பொருளைச் சூதில் தொலைத்துவிட்டுக் கடலோடுகிறான், கப்பல் உடைகிறது. அவன் இறந்தான் என்று கேட்டு ஆதிரை தீயில் இறங்க, தீ சுடவில்லை. அவன் உயிரோடு இருப்பதாக வானில் குரல் கேட்கிறது. கரையொதுங்கிய இடத்தில் வாழ்ந்த நாகரின் மொழி தெரிந்ததால் பிழைத்த சாதுவன், சந்திரதத்தன் என்ற வணிகனின் கப்பலில் ஊர் திரும்புகிறான். அதைவிடப் பெரியது, அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவள் அவள்தான். உலகின் பசிப்பிணி அறுக என்று சொல்லி இடுகிறாள். அந்தக் காதைக்கே ‘ஆதிரை பிச்சையிட்ட காதை’ என்று பெயர். ஒரு பெண்ணின் பெயருக்கு இதைவிட உயர்ந்த பின்புலம் எனக்குத் தோன்றவில்லை.

மெய்யெழுத்து:
ஆங்கில எழுத்தில்தான் சிக்கல் வரும். தொடக்கத்தில் ஒரே ‘ஏ’ போட்டால் ‘அதிரை’ என்று படிப்பார்கள்; அது அதிராம்பட்டினத்தின் சுருக்கப் பெயர். இரண்டு ‘ஏ’ போடுங்கள். அடுத்து ‘தி’க்கு வெறும் ‘t’, ‘d’ போடாமல் ‘எச்’ சேர்த்து ‘th’ அல்லது ‘dh’ வையுங்கள். தனி ‘d’, ‘t’ போட்டால் வெளியூரில் ‘ஆடிரை’, ‘ஆட்டிரை’ என்றாகிவிடும். கடைசியில் ‘ஏஐ’ கட்டாயம். வெறும் ‘ஏ’யோடு நிறுத்தினால் எல்லா ஆவணத்திலும் ‘ஆதிரா’தான்.

தமிழ்நாட்டில் பிறப்புப் பதிவில் பெயர் சேர்க்க ஓராண்டு வரை கட்டணம் கிடையாது. அதன் பிறகு தாமதக் கட்டணம் உண்டு. சேர்த்தபின் எழுத்தை மாற்றுவது பெரும்பாடு. ஆகவே தமிழ், ஆங்கிலம் இரண்டையும் தாளில் எழுதிக் கொடுங்கள், அச்சாகும் முன் திரையில் ஒருமுறை படித்துப் பாருங்கள். ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் அதே எழுத்து வரவேண்டும்.

பேச்சில் கடைசி ஐகாரம் தேய்ந்து வீட்டில் ‘ஆதிர’ என்றுதான் கூப்பிடுவீர்கள். இலக்கணப்படி விளி ‘ஆதிராய்’. எழுத்தில் மட்டும் ‘ரை’யை விட்டுவிடாதீர்கள்.