கோல்ஃப் மைதானத்துப் புல்: எந்தப் பருவம் உங்களை அதிகம் படுத்தியது?

குன்னூர்க்காரன்:
நீலகிரிப் பக்கம் ஒரு மைதானம். ஜனவரி, நல்ல உறைபனி. குழி இருக்கும், ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனைச் சுற்றிக் கயிறு கட்டி, வெயில் வரும்வரை யாரும் இறங்க வேண்டாம் என்று போர்டும் வைத்திருந்தோம். உறுப்பினர் ஒருவர் கயிற்றைத் தாண்டி உள்ளே போய்க் குழியை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். “வெறும் புல்தானேப்பா” என்றார். பனி உருகியதும் போன தடம், வந்த தடம், நின்று திரும்பிய இடம் எல்லாம் கறுக்க ஆரம்பித்தது. அப்புறம் வைக்கோல் நிறம். அவருடைய ஷூ அளவையே சொல்லிவிடலாம். அந்தக் குளிரில் புதுப்புல் எங்கே வரும்? மாசி கடைசி வரை அப்படியே கிடந்தது. அவரே கமிட்டியில் எழுந்து கேட்டார்: “ஆறாவது கிரீனை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?”

பாண்டி:
விடியற்காலையில் ஸ்பிரிங்க்ளர் போட்டுக் கரைத்திருக்கலாமே?

குன்னூர்க்காரன்:
தரை அவ்வளவு சில்லிட்டிருக்கும்போது விட்ட தண்ணீரும் சேர்ந்து உறைந்தால்?

அடையாறு மாலி:
உங்களுக்குப் பனி, சென்னையில் எங்களுக்கு ஐப்பசி. விடாத மழை, மறுநாளே சுள்ளென்று வெயில். தேங்கிய தண்ணீர் சூடேறிப் பெர்முடாப் புல் வெந்தே போனது. குழி போடும் கட்டரால் ஒரு துண்டு எடுத்துப் பார்த்தேன். இரண்டு விரல் ஆழத்தில் மை பூசியதுபோல் கறுப்பு அடுக்கு, அழுகிய முட்டை நாற்றம். கை கழுவியும் போகவில்லை.

துபாய் வாசி:
இங்கே எங்களுக்கு மழையுமில்லை, பனியுமில்லை, ஆனாலும் நிம்மதியில்லை. குளிர்காலத்தில் பெர்முடா வெளிறும் என்று அக்டோபரில் மேலே ரை என்ற குளிர்காலப் புல்லின் விதையைத் தூவுவோம். வெயில் ஏறினால் ரை செத்துவிடும், அதற்குள் அடியில் பெர்முடா எழும்ப வேண்டும். ஒரு மே மாதம் எழும்பவில்லை, கிரீன்வரை பந்தடித்துப் போகும் ஃபேர்வே முழுக்கச் சொட்டை. சுத்திகரித்த கழிவுநீரின் உப்பு வேரில் தங்கியிருந்தது. அடையாறு அண்ணே, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். உடனே உரம் போடாதீர்கள். முதலில் துளை போடுங்கள், துளையில் சலித்த மணலை நிரப்புங்கள். வெட்டும் உயரத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள். பாய்ச்சுவதைக் குறையுங்கள். தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். ஜிப்சம் தூவுங்கள், எங்களுக்கு அதுதான் கைகொடுத்தது.

அடையாறு மாலி:
ஜிப்சம் உங்கள் உப்புக்குச் சரி தம்பி. இங்கே வேண்டாம். அதிலிருக்கும் கந்தகம்தான் காற்றில்லாத மண்ணில் அந்த நாற்றத்துக்கே தீனி. துளை போடலாம், ஆனால் மழை ஓய்வதற்குள் மிஷினை இறக்கினால் சக்கரத் தடம்தான் மிஞ்சும்.